கைப்பேசியில் வாத்தியத்தைப் பதிவு செய்ய மைக் வாங்கும் முன்

வாசிப்பு நன்றாக இருக்கிறது, பதிவில் கேட்டால் மட்டும் ஏன் உயிரே இல்லை? கைப்பேசியில் பதிவு செய்த வாத்திய இசையைச் சீர்செய்து தரும் என் வேலையில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் அதற்குள் ஒரு புது மைக்கும் வாங்கியிருப்பார்கள். குறை அப்படியே இருக்கும். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் மைக்கில் இருப்பதில்லை, மைக்குக்குப் பின்னால் கைப்பேசி செய்யும் வேலையில் இருக்கிறது.

கைப்பேசி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மெல்லப் பேசினால் தானாக ஒலியை ஏற்றும், சத்தமாகப் பேசினால் இறக்கும். கூடவே, மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணிக் கழித்துவிடும். பேச்சுக்கு இரண்டும் நல்லதுதான். இசைக்கு இரண்டுமே கேடு. தம்பூரா பின்னணியில் மிருதங்கம் வாசித்த பதிவு ஒன்றைக் கவனித்துக் கேளுங்கள். ஒவ்வொரு பலத்த அடிக்கும் தம்பூரா சட்டென்று பின்வாங்கும், பிறகு மெல்ல மேலேறி வரும், அடுத்த அடியில் மறுபடி அமுங்கும். புல்லாங்குழலில் ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்தால், தொடக்கத்தில் நிறைவாக இருந்த நாதம் போகப் போகத் தேய்ந்துவிடும். வாசித்தவர் மூச்சைக் குறைக்கவே இல்லை. கைப்பேசி அதை இரைச்சல் கணக்கில் சேர்த்துவிட்டது. இப்படிப் போன நாதத்தை அப்புறம் எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கைப்பேசி இதைச் செய்கிறதா என்று பார்ப்பது சுலபம். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு வரியை மிக மென்மையாகவும், உடனே அதையே பலமாகவும் வாசித்துப் பதியுங்கள். திரும்பக் கேட்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலித்தால், செய்கிறது. காசு செலவழிக்கும் முன் பதிவுச் செயலியை மாற்றிப் பாருங்கள். ஒலியளவைக் கையால் அமைக்கவும், தானியங்கி ஏற்ற இறக்கத்தை அணைக்கவும், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமிக்கவும் விடும் செயலி வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், கைப்பேசி ஒத்துழைத்தால், பதப்படுத்தாத ஒலியைச் செயலிகள் கேட்டு வாங்க வழி இருக்கிறது. பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று அமைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். இடம் ஒதுக்கி வையுங்கள்.

சரி, அதன் பிறகும் வெளி மைக் வேண்டும் என்றால்? தனி வாத்தியத்துக்கு என் முதல் தேர்வு, கைப்பேசியில் யுஎஸ்பி வழியாகச் செருகும் ஸ்டீரியோ மைக், அல்லது தனியாகவே இயங்கும் கையடக்க ரெக்கார்டர். இரண்டிலும் ஒலியளவை நீங்களே அமைக்கலாம். சட்டையில் குத்தும் காலர் மைக்கை வாத்தியத்தின் மேல் ஒட்டுகிறார்கள். அது பேச்சுக்கென்று அமைந்தது, ஒட்டிய இடத்தின் ஒலியைத்தான் பெரிதாக்கும். புளூடூத் இயர்போன் மைக் வேண்டவே வேண்டாம். பெரும்பாலானவை 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில்தான் ஒலியை அனுப்பும். மாதிரி வீதத்தில் பாதி வரையுள்ள ஒலிதான் பதிவாகும் என்பதால், நல்ல நிலையிலும் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் வராது. வயலின் வில்லின் உரசலும் தாளத்தின் கணகணப்பும் அங்கேயே தொலையும்.

விளம்பரத்தை விடுங்கள், விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, மைக்கின் சொந்த இரைச்சல். மென்மையான வாத்தியத்துக்கு இது 20 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. மற்றொன்று, அது தாங்கும் உச்ச ஒலி. தோல்வாத்தியத்துக்கு அருகில் வைப்பதானால் 130 டெசிபலாவது தாங்க வேண்டும். மிக மெல்லிய ஒலியையும் மிகப் பலத்த ஒலியையும் ஒரே கோப்பில் அடக்கும் '32 பிட் ஃப்ளோட்' பதிவு முறை என்று போட்டிருந்தால் அளவு அமைக்கும் கவலை குறையும், உண்மைதான். ஆனால் மைக்கே தாங்காமல் சிதறிய ஒலியை அது காப்பாற்றாது.

ஸ்டுடியோவில் வைக்கும் பெரிய கண்டென்சர் மைக்கை, மைக்கையும் கைப்பேசியையும் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக இணைக்க நினைப்பவர்கள் மின்சாரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த மைக்குக்கு 48 வோல்ட் தேவை. அத்தனை பளுவையும் கைப்பேசியின் துளையால் பல நேரம் தாங்க முடியாது, பதிவு நடுவில் அறுந்துவிடும். தனி மின் இணைப்பு உள்ள இன்டர்ஃபேஸாக வாங்குங்கள். கேபிளும் தரவு கடத்துவதாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளைச் செருகிவிட்டு மைக் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

வாங்கியதும் வாசிக்காமல் இருபது விநாடி அறையின் அமைதியை மட்டும் பதிந்து, கம்பி ஹெட்ஃபோனில் ஒலியை ஏற்றிக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற சீறல் முன்னால் நின்றால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். விசிறிச் சத்தம்தான் கேட்கிறது என்றால் மைக் சரியாக வேலை செய்கிறது, அணைக்க வேண்டியது விசிறியை.