கிராஃபிக் ஸ்கோர்: மதிப்பெண்ணும் அல்ல, கோலமும் அல்ல

வழக்கமான இசைக்குறியீட்டுக்குப் பதிலாக வடிவங்களாலும் கோடுகளாலும் வரைந்த இசைத்தாளுக்கு ஆங்கிலத்தில் ‘கிராஃபிக் ஸ்கோர்’ என்று பெயர். அதை ‘வரைகலை மதிப்பெண்’ என்று எழுதியிருப்பதை இந்த மாதம் மூன்றாவது தடவையாகப் படித்துவிட்டேன். தேர்வுத்தாளா திருத்துகிறார்கள்? எழுதியவர் அப்படி ஒரு தாளைக் கண்ணால் பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது. அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைப் போய்ப் பார்ப்பதே இல்லை.

ஸ்கோர் என்பது ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியில் வெட்டுக்கீறல். எண்ணுவதற்காகக் கட்டையில் போட்ட கீறல் ஆட்டப் புள்ளியானது. இசைத்தாளில் வரிகளைச் சேர்த்துக் கிழித்த கோடு தாளுக்கே பெயரானது. அவ்வளவுதான்.

மதிப்பெண்ணைவிட என்னை உறுத்துவது இதற்கே சிலர் எழுதும் ‘இசைக்கோலம்’. கேட்க அழகாக இருக்கிறது, அதனாலேயே பரவுகிறது. ஆனால் கோலம் போட்டு முடித்தால் வேலை முடிந்தது. அதை வைத்து யாரும் எதையும் வாசிப்பதில்லை. இதுவோ படிப்பதற்கான தாள். ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி 1958இல் ஜெர்மனியின் கொலோன் மின்னணு இசைக்கூடத்தில் ‘ஆர்ட்டிகுலாட்சியோன்’ என்ற இசையைச் செய்தார். நான்கு நிமிடம்கூட வராத நாடா இசை, அதாவது மின்னணு ஒலிகளை ஒலிநாடாவிலேயே தொகுத்தது. வாசிப்பவரே இல்லாததால் தாளும் தேவைப்படவில்லை. 1970இல் ரைனர் வேஹிங்கர் என்ற வடிவமைப்பாளர், கேட்பவர்களுக்காக அதை வரைந்தார். நொடிக்கணக்கு இடமிருந்து வலமாக ஓடுகிறது, ஒலியின் தன்மைக்கேற்ப நிறம் மாறுகிறது. விரலை வைத்து நகர்த்திக்கொண்டே கேளுங்கள்: பொட்டென்று ஒலி வெடிக்கும் இடத்தில் விரலடியில் ஒரு வடிவம் இருக்கும். பள்ளியில் கட்டத்தாளில் போட்டோமே, அதே வரைபடம்தான்.

அந்த நாடா வேலையில் லிகெட்டிக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் ஆங்கிலேய இசையமைப்பாளர் கார்னீலியஸ் கார்டியூ. பின்னாளில் வடிவமைப்பாளராகவும் வேலை பார்த்தவர். 1963 முதல் 1967 வரை 193 பக்கங்களில் ‘ட்ரீட்டிஸ்’ என்ற கிராஃபிக் ஸ்கோரை வரைந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேற்கத்திய இசையை எழுதும் ஐந்துகோட்டு வரிகள் இரண்டு, வெறுமையாக. மேலே வட்டம், கோடு, எண். எதற்கு எந்த ஒலி என்று ஒரு சொல் விளக்கம் கிடையாது. ஊர்ப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி பிடிப்பதுபோல வாசிப்பவர்களே பிடித்துக்கொள்ள வேண்டும்.

கட்டத்தாளில் போடுவதையும் ஊருக்குப் போடுவதையும் தமிழில் வரைபடம் என்றே சொல்கிறோம். வேஹிங்கர் தாள் முதல்வகை, கார்டியூ தாள் இரண்டாம்வகை. இரண்டையும் தாங்க ‘இசை வரைபடம்’ போதும். வரைகலை என்பது ஒரு துறையின் பெயர். ‘கிராஃபிக்’ என்று கண்டதும் அதைக் கொண்டுவந்து ஒட்டுவதை நிறுத்தலாம்.

சுரத்தையும் தாளத்தையும் எழுதிவைப்பதற்கு ‘சுரதாளக் குறிப்பு’ என்ற சொல் இருக்கிறதே என்பார்கள். லிகெட்டியின் அந்த நாடாவைக் கேட்டுப் பாருங்கள். எழுதிக்கொள்ளச் சுரமும் இல்லை, போட்டுக்கொள்ளத் தாளமும் இல்லை.