ஆஃப்ரோபீட்: சொல் விளக்கம்

ஆஃப்ரோபீட் என்பது 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஃபெலா குட்டியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இசைவகையின் பெயர். யொருபா மக்களின் தாள மரபும், மேற்கு ஆப்பிரிக்க நகரங்களில் அன்று ஓங்கியிருந்த ஹைலைஃப் என்னும் நடன இசையும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஜாஸ் இசையும், தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் என்னும் நடன இசையும் இதில் கலந்துள்ளன. ஆப்பிரிக்க இசை முழுவதையும் குறிக்கும் பொதுப்பெயராக இதை வழங்குவது பிழை. ஒரு நகரத்தில், ஒரு மனிதரின் வாழ்க்கையோடு சேர்ந்து பிறந்த பெயர் இது.

உரோமர்கள் கார்த்தேஜ் நகரைச் சுற்றி வாழ்ந்த மக்களை ‘ஆஃப்ரி’ என்று அழைத்தார்கள். ‘ஆஃப்ரோ’ என்ற முன்னொட்டின் வேர் அதுவே. ‘பீட்’ என்பது அடித்தலையும் அதனால் எழும் தாளத் துடிப்பையும் குறிக்கும் ஆங்கிலச் சொல். இரண்டையும் சேர்த்துத் தம் இசைக்குப் பெயராகச் சூட்டியவர் ஃபெலா. 1938இல் அபெயோக்குட்டாவில் பிறந்த அவரை 1958இல் குடும்பத்தார் மருத்துவம் படிக்க லண்டனுக்கு அனுப்ப, அவரோ டிரினிட்டி இசைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். தாயகம் திரும்பி, ‘கூலா லோபிட்டோஸ்’ என்ற குழுவோடு ஹைலைஃபும் ஜாஸும் கலந்து வாசித்தார். அக்காலத்தில் அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாணியில் பாடிவந்த சியரா லியோன் பாடகர் ஜெரால்டோ பினோவின் பின்னால் லாகோஸும் கானாவின் தலைநகர் அக்ராவும் திரண்டுகொண்டிருந்தன. அந்த அலையிலிருந்து தம்மைத் தனித்துக் காட்டவே, 1968இல் அக்ராவில் இருந்தபோது, இந்தப் பெயரை அவர் தேர்ந்துகொண்டார்.

பெயர் முன்னால் வந்தது. அதற்குரிய பொருள் பின்னால்தான் நிரம்பியது. 1969இல் அமெரிக்கா சென்ற ஃபெலா, லாஸ் ஏஞ்சலஸில் சாண்ட்ரா இசிடோர் என்ற பெண்ணின் வழியாக மால்கம் எக்ஸின் எழுத்தையும் கறுப்பின விடுதலைச் சிந்தனையையும் அறிந்தார். லாகோஸுக்கு மீண்ட பிறகு அவருடைய பாட்டின் பொருளும் கட்டமைப்பும் மாறின. யொருபா மொழியோடு நில்லாமல், மேற்கு ஆப்பிரிக்காவின் பல இனத்தவருக்கும் விளங்கும், உள்ளூர் மொழிகள் கலந்து எளிமையான பிட்ஜின் ஆங்கிலத்தில் பாடத் தொடங்கினார். படைவீரர்களின் மூடக் கீழ்ப்படிதலைச் சாடும் ‘ஸோம்பி’ என்ற பாட்டு பரவியிருந்த காலத்தில், 1977 பிப்ரவரி 18 அன்று, இராணுவத்தினர் அவருடைய கலக்குட்டா இல்லத்தைச் சூறையாடித் தீயிட்டனர். விடுதலைப் போராளியாகவும் பெண்ணுரிமைப் போராளியாகவும் அறியப்பட்ட அவருடைய தாயார் ஃபுன்மிலாயோவைச் சன்னல் வழியே வீசினர். அடுத்த ஆண்டு தாயார் இறந்தார். எதிர்ப்பிசை என்ற பொருள் இச்சொல்லோடு இன்றும் ஒட்டியிருப்பது இந்த விலையால்தான்.

இனி அந்த ‘பீட்’ எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் தமிழ்ச் சொல்லைத் தேடுவதற்கு அதுவே வழிகாட்டி. உலர்ந்த சுரைக்குடுக்கையின் மேல் மணிவலை போர்த்திய ஷெக்கரே, குச்சிகள், கைமுரசுகள், டிரம்ஸ் ஆகியவை ஆளுக்கொரு சிறு துணுக்கை விடாமல் வாசிக்கும்; இரண்டு கிட்டார்களும் பேஸ் கிட்டாரும்கூட மெட்டை வாசிக்காமல் தாளத் துணுக்குகளையே திரும்பத் திரும்ப மீட்டும். ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று வந்து விழுவதால் எழும் பின்னலே இந்த இசையின் உடல். அதன்மேல் ஊதுகருவிகளும், ஃபெலா பாடப் பெண்கள் குழு மறுமொழி பாடும் முறையும் அமையும். ஒரு பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைப்பது இயல்பு. டிரம்ஸ் வாசித்த டோனி ஆலன் 1960களின் நடுப்பகுதியில் குழுவில் சேர்ந்தவர். ஜாஸ் வாசிப்பின் நுட்பத்தையும் யொருபா தாளங்களையும் நான்கு கைகால்களிலும் பகிர்ந்து வாசித்த அவர் இல்லாமல் இந்தப் பெயருக்குப் பொருளே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பிற்காலத்தில் ஃபெலா இந்தப் பெயரையே ஒதுக்கி, தம் இசையை ‘ஆப்பிரிக்கச் செவ்வியல் இசை’ என்றார். 1997இல் அவர் மறைந்த பின்னும் மகன்கள் ஃபெமியும் ஷெயுனும் அதைத் தொடர்கிறார்கள்.

தமிழில் இதை ‘ஆப்பிரிக்கத் தாளம்’ என்று பெயர்ப்பது எளிது, ஆனால் பொருந்தாது. நம் இசையில் தாளம் என்பது எண்ணிப் போடும் சுற்று. ஆஃப்ரோபீட்டின் உயிர் சுற்றின் கணக்கைவிடப் பல கருவிகள் கோத்துக்கொள்ளும் பின்னலிலேயே இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் பழைய உரையில் தாளத்துக்குப் ‘பாணி’ என்ற பெயரும், அதன் உறுப்புகளாகக் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்ற நான்கும் காணப்படுகின்றன. பாணி அழகிய சொல்தான் என்றாலும், இன்று ‘ஆப்பிரிக்கப் பாணி’ என்றால் நடையுடை முறையென்றே கொள்வார்கள். பறைக் கலைஞர்கள் தாள வகைகளை ‘அடி’ என்கிறார்கள். அதுவும் உயிருள்ள சொல், ஆயினும் தொகைச்சொல்லில் ‘அடிப்படை’, ‘செய்யுளடி’ முதலிய பொருள்களோடு குழம்பும். கொட்டு மட்டுமே முழவில் விழும் அடியையும், அந்த முழக்கத்தையும், கொட்டுமேளம் என்னும்போது கருவிக்குழுவையும் ஒருசேரச் சுட்டுகிறது. ஆகவே ‘ஆப்பிரிக்கக் கொட்டிசை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். இசைவகையின் இயற்பெயர் என்பதால் கட்டுரைகளில் ‘ஆஃப்ரோபீட்’ என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ஆப்பிரிக்கக் கொட்டிசை’ என விளக்குவது போதும்.

ஈற்றில் ‘ஸ்’ சேர்ந்த ‘ஆஃப்ரோபீட்ஸ்’ வேறு; இதன் பன்மை அன்று. 2010களில் பிரிட்டனின் வானொலி வழியே பரவிய அச்சொல், நைஜீரியா, கானா நாடுகளின் இக்கால ஜனரஞ்சக இசையை மொத்தமாகக் குறிக்கிறது. 2021இல் கிராமி விருது பெற்ற பர்னா பாய் அவ்வகைக் கலைஞர். அவருடைய பாட்டனார் பென்சன் இடோனிஜே ஃபெலாவின் தொடக்ககால மேலாளராக இருந்தவர் என்பதால் உறவு உண்மையானதே, ஆனால் இசை வேறு. அதற்குக் ‘கொட்டிசை’யைப் பயன்படுத்தாமல், ‘மேற்கு ஆப்பிரிக்கப் பாப் இசை’ என்றே எழுத வேண்டும்.