பெட்டியில் '4கே' என்று போட்டிருந்தால் போதுமா? கேப்சர் கார்டு வேலை செய்யும் விதம்

பிஎஸ்5, நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கன்சோலில் ஆடுவதை யூடியூபிலோ ட்விட்சிலோ லைவாகக் காட்ட ஆசைப்படும் பலர், கன்சோலின் எச்டிஎம்ஐ கேபிளை லேப்டாப்பில் செருகிப் பார்ப்பார்கள். படம் வராது. லேப்டாப்பில் உள்ள எச்டிஎம்ஐ வாய் படத்தை வெளியே அனுப்புவதற்கானது, உள்ளே வாங்குவதற்கல்ல. வாங்கும் வேலையைச் செய்வதுதான் கேப்சர் கார்டு.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். 1080பி படத்தில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 62 லட்சம் பைட் ஆகிறது. ஒரு பைட் என்பது 8 பிட். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 3 ஜிகாபிட். எச்டிஎம்ஐ இதை அப்படியே, சுருக்காமல் கொண்டுவந்து கொட்டுகிறது.

கார்டின் மறுமுனையில் இருப்பது யூஎஸ்பி. யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். வருவதில் ஆறில் ஒரு பங்குகூட அதில் போகாது. அதனால் விலை குறைந்த கார்டுகள் உள்ளே இருக்கும் சிப்பை வைத்து ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி ஜேபெக் படமாகச் சுருக்கி அனுப்புகின்றன. சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிவதும், இருட்டான காட்சிகள் கட்டம் கட்டமாகத் தெரிவதும் இதனால்தான். பெட்டியில் '4கே' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் கார்டு உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. கணினிக்குத் தருவது 1080பி, அதுவும் சிலவற்றில் 30 ஃப்ரேம்தான். வாங்கும்போது அந்த இரண்டாவது எண்ணைத் தேடிப் படியுங்கள். பணம் வீணாகாமல் இருக்க அது ஒன்றே போதும்.

யூஎஸ்பி 3.0-வில் கதை வேறு. 5 ஜிகாபிட் என்று சொன்னாலும், கம்பியில் அனுப்பும் குறியீட்டு முறைக்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் 4 ஜிகாபிட். இதற்குள் வசதியாக அடக்க ஓர் அழகான உத்தி உண்டு. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு பார்க்காது. ஆகவே ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தைத் தனியாகவும், பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சல்களுக்கு நிறத்தைப் பொதுவாகவும் அனுப்புகிறார்கள். பிக்சலுக்கு மூன்று பைட் இரண்டாகி, மொத்தம் 2 ஜிகாபிட்டில் முடிகிறது. ஆனால் இதே கார்டைப் பழைய யூஎஸ்பி 2.0 வாயில் செருகினால் இந்தப் பலன் கிடைக்காது.

அப்புறம் தாமதம். கார்டு ஃப்ரேமை வாங்கி, யூஎஸ்பி வழியாக அனுப்பி, லைவாக ஒளிபரப்பவும் பதிவு செய்யவும் உதவும் ஓபிஎஸ் போன்ற மென்பொருள் அதைத் திரையில் வரைவதற்குள் சில ஃப்ரேம்கள் கடந்துவிடும். ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிநொடி. பார்ப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆடுபவருக்கோ குதிக்க வேண்டிய நேரத்தில் விழ வைக்கும். இதற்காகத்தான் நல்ல கார்டுகளில் 'பாஸ்த்ரூ' என்ற இன்னொரு எச்டிஎம்ஐ வாய் இருக்கிறது. வரும் சிக்னலின் ஒரு நகல் யூஎஸ்பி பக்கமே போகாமல் நேராக டிவிக்குப் போய்விடும். டிவியைப் பார்த்துத்தான் ஆட வேண்டும், ஓபிஎஸ் ஜன்னலைப் பார்த்து அல்ல.

கணினிக்கு வந்தபின் இன்னொரு பெரிய சுருக்கல் நடக்கிறது. ட்விட்ச் 1080பி 60-க்குப் பரிந்துரைக்கும் அளவு நொடிக்கு 6 மெகாபிட். கன்சோலிலிருந்து கிளம்பியதில் ஐந்நூறில் ஒரு பங்கு! எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை இதைச் சாதிப்பது, முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டும் சொல்லி, வழக்கமாக இரண்டு நொடிக்கு ஒருமுறை மட்டும் முழுப் படத்தை அனுப்பி. மழையும் புல்வெளியும் வேகமான திருப்பமும் வந்தால் படம் கலங்குவதற்குக் காரணம், அங்கே எல்லாப் பிக்சலும் மாறிக்கொண்டே இருப்பதுதான். முதல் சுருக்கலில் கார்டு விட்ட கறைகளையும் எச்.264 காட்சியின் பகுதி என்றே எண்ணிப் பாதுகாக்கப் பார்க்கும். இருக்கிற கொஞ்சப் பிட்டும் அதில் செலவாகும்.

எல்லாம் சரியாக இணைத்தும் திரை கறுப்பாகவே இருந்தால், பெரும்பாலும் அது எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டின் வேலை. பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் அதை அணைக்கலாம். அணைத்திருக்கும்போது சில வீடியோ ஆப்கள் ஓடாது, கேம்கள் ஓடும். பிஎஸ்3-இல் அப்படி அணைக்க வழியே இல்லாததால், அந்தக் காலத்தில் அந்தப் பூட்டு இல்லாத காம்போனன்ட் என்ற அனலாக் கேபிள் வழியாகப் பிடித்தார்கள்.

கடைசியாக ஒலி. கேமின் படமும் சத்தமும் கார்டு வழியே தாமதமாக வருகின்றன, உங்கள் குரல் மைக்கிலிருந்து உடனே வந்துவிடுகிறது. அதனால் நீங்கள் அலறிய பிறகுதான் திரையில் எதிரி தோன்றுவான். மைக்கை டிவி ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, கேம் ஒலியையும் மைக்கையும் ஓபிஎஸ்ஸில் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். ஒரே வெடிச்சத்தம் இரண்டிலும் எவ்வளவு இடைவெளியில் விழுகிறது என்று அளந்து, அந்த மில்லிநொடியை ஓபிஎஸ்ஸில் மைக்கின் ஒலியைத் தாமதப்படுத்தும் சிங்க் ஆஃப்செட்டில் போட்டால் குரலும் காட்சியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.