பீல்: உரிதலா, உரித்தலா?

"தோல் தானாக உரிந்ததா, நீ உரித்தாயா?"

ராயபுரத்தில் ஒரு தோல் மருத்துவர் என் அக்கா மகளிடம் கேட்ட முதல் கேள்வி இது. எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுத்த கையோடு, முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு சிறு புட்டியை வரவழைத்திருந்தாள். அதன் மேல் பெரிதாக ‘கெமிக்கல் பீல்’ என்றும், கீழே ‘30 சதவீதம்’ என்றும் இருந்தது. தமிழில் ஒரு சொல்லும் இல்லை. இரவில் தடவி, எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் நாள், கன்னத்தில் காய்ந்து சுருண்டு நின்ற தோலின் ஓரத்தை நகத்தால் பிடித்து இழுத்துவிட்டாள்.

"தோல் உரிந்தால் நல்லதுதானே சித்தி? பீல் என்றாலே அதுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். உரித்த இடம் முதலில் ஈரமாகச் சிவந்திருந்தது. இரண்டு வாரத்தில் கறுத்துவிட்டது.

அவள் சொன்ன அர்த்தம் தவறில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டு வேலை செய்கிறது. தோல் தானாகக் கழன்று வருவதும் பீல்தான், நாம் பிடித்துக் கழற்றுவதும் பீல்தான். தமிழ் அப்படி விடுவதில்லை. தோல் உரிகிறது என்றால் தன்வினை, தோலை உரிக்கிறாள் என்றால் பிறவினை. மருத்துவர் கேட்டது இந்த இலக்கணத்தைத்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால், பீல் லத்தீன் மொழியின் ‘பிலாரே’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு வேர் ‘பிலுஸ்’, அதாவது முடி. முடியைக் களைவது என்ற பொருள் மெல்ல விரிந்து, தோலை நீக்குவதாகவும் பழத்தோலாகவும் ஆயிற்று. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஆரஞ்சுப் பழத்தோல்தான் மனத்தில் வருகிறது. கேட்க மென்மையாக இருக்கிறது. புட்டிக்குள் இருப்பது அவ்வளவு மென்மையானதல்ல.

நம் ‘உரி’ வினையாகவும் பெயராகவும் வழங்கும் பழஞ்சொல். மரத்தின் பட்டையால் ஆன ஆடை மரவுரி. திருவொற்றியூர்க் கோயிலில் தேவாரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, யானையின் உரியைப் போர்த்திய ஈசனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெங்காயம் உரிக்கிறோம், தேங்காய் உரிக்கிறோம். ஆனால் காசிமேட்டில் மீன் ஆயும் பெண்கள் செதிலை உரிப்பதாகச் சொல்வதில்லை, சுரண்டுவதாகத்தான் சொல்வார்கள். வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கத்தியை எதிர்த்து இழுக்கும்போது செதில் தெறித்து விழுகிறது, அடியில் தோல் அப்படியே நிற்கிறது. உரித்தால் தோலே போய்விடும்.

அடுத்தது ‘கெமிக்கல்’. ‘வேதியியல் தோலுரிப்பு’ என்ற பெயரில் எனக்கு உடன்பாடில்லை. ‘வேதியியல்’ என்று சொன்னால் புட்டியில் இருப்பது என்னவென்று தெரியாது. அதில் இருப்பது அமிலம். கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக், டிரைகுளோரோஅசிட்டிக் எல்லாமே அமிலங்கள். ஃபீனாலுக்கும் பழைய பெயர் கார்பாலிக் அமிலம்தான். தெருவில் ஆசிட்டோடு சேர்த்துக் கூவி விற்கும் பினாயிலின் பெயருக்கும் ஃபீனாலுக்கும் வேர் ஒன்று. ‘அமிலம்’ புளிப்பைக் குறிக்கும் ‘அம்ல’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஆசிட்டின் லத்தீன் மூலமும் புளிப்புதான். என் அம்மா தலைமுறை அதைத் திராவகம் என்றது. ‘முகத்துக்கு 30 சதவீதத் திராவகம்’ என்று அச்சிட்டிருந்தால் என் அக்கா மகள் வாங்கியிருப்பாளா?

இதனால் வீட்டில் அமிலமே கூடாது என்று சொல்ல வரவில்லை. எக்ஸ்ஃபோலியேஷன் என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதற்குள் இருப்பது ‘ஃபோலியம்’, அதாவது இலை. இலை உதிர்வதைப் போல இறந்த செல்கள் உதிர்வது அது. மேல்தோல் ஏறத்தாழ நான்கு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நீர்த்த கிளைகாலிக் அமிலமோ லாக்டிக் அமிலமோ இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி, அந்த உதிர்வை விரைவுபடுத்துகிறது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் துளைகளுக்குள் இறங்கி, பருவுக்கும் கரும்புள்ளிக்கும் உதவுகிறது. சொரசொரப்பு குறைவதும் மங்கிய முகம் தெளிவதும் உண்மையான பலன்கள். குழி விழுந்த பருத் தழும்பு மட்டும் இதனால் நிரம்பாது.

அளவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வீட்டில் பயன்படுத்தும் பொருளில் கிளைகாலிக் அமிலம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பி.எச். அளவு 3.5-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அமெரிக்க அழகுப்பொருள் வல்லுநர் குழுவின் வரம்பு. பி.எச். எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும். சாலிசிலிக் அமிலம் பொதுவாக 2 சதவீதம் வரை கிடைக்கிறது. அதற்கு மேற்பட்ட வீரியத்தைக் கையாள்வது மருத்துவரின் வேலை. 1882-இல் ஹாம்பர்க் நகரின் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா சாலிசிலிக், ஃபீனால், டிரைகுளோரோஅசிட்டிக் போன்றவற்றின் செயலை விவரித்த காலத்திலிருந்தே இது மருத்துவர் கையில் இருந்த வேலை. டிரைகுளோரோஅசிட்டிக் பட்ட இடம், சூடுபட்ட முட்டை வெள்ளைக்கருவைப் போல வெளுத்து உறைகிறது. அதைத் தண்ணீரால் திருப்ப முடியாது. ஃபீனால் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. இத்தகைய வீரியம் கூடிய புட்டிகளை மருத்துவ மேற்பார்வையின்றி வாங்கிப் பூச வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 ஜூலையில் எச்சரித்தது.

நம் நிறத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாநிறமும் கறுப்பும் கொண்ட தோல், புண்பட்டால் அந்த இடத்தில் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கும். மங்கு போவதற்காகப் பூசிய அமிலமே புதுத் திட்டை வரவழைப்பது இப்படித்தான். கிளைகாலிக் போன்ற அமிலம் பூசிய தோல் வெயிலுக்கும் எளிதில் வாடும். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் ஸ்கூட்டரில் போகிற பெண் அமிலத்தைப் பூசிவிட்டு, எஸ்.பி.எஃப். 30 வெயில் காப்புக் களிம்பைப் பூசாமல் விட்டால், கிடைத்த பலனைவிடக் கறுப்பே மிஞ்சும். கர்ப்பிணிகளும், பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். எலுமிச்சைச் சாற்றையும் இதில் சேர்க்கிறேன். அதன் பி.எச். அளவு 2-ஐ ஒட்டியது. பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமே வரலாம்.

ஆகவே ஒரு சொல்லுக்கு இரண்டு தமிழ்ச்சொற்கள் வேண்டும். மருத்துவர் செய்வது ‘அமிலத் தோலுரிப்பு’. வீட்டில் நீர்த்த பொருளைக் கொண்டு செய்வது ‘தோல் உதிர்ப்பு’. கடைக்காரர் இரண்டையும் ‘பீல்’ என்று விற்கலாம். வாங்குகிறவர் தமிழில் கேட்டுக்கொண்டால் போதும், இது உதிர்ப்பதா, உரிப்பதா என்று.

அக்கா மகள் கன்னத்தின் திட்டுக்கு இப்போது ஏழு மாதம். மருத்துவர் கொடுத்த களிம்பில் பழுப்பு நிறத்துக்கு மங்கியிருக்கிறது, முழுதாகப் போகவில்லை. புட்டியின் மேல் சின்ன எழுத்தில் என்ன இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இரண்டு நிமிடத்தில் கழுவிவிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.