பட்டாவில் இருப்பது வேறு, மாஸ்டர் பிளானில் இருப்பது வேறு

போன வியாழக்கிழமை ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். சென்னைப் புறநகரில் 5 சென்ட் நிலம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, வீடு கட்ட பிளான் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். பத்திரம், மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, அந்த அம்மா பெயரிலேயே பட்டா, எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடம் என எல்லாம் ஒரே ஃபைலில் அழகாக அடுக்கியிருந்தது. சர்வே எண்ணை சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்குப் பகுதி என்று வந்தது. அங்கே வீட்டுக்குத் திட்ட அனுமதி கிடையாது. இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர்கள் மூன்றாவது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"பட்டா இருக்கே சார்" என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இருபது வருடமாக நான் கேட்கும் வாக்கியம் இது. தயவுசெய்து ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள். பட்டா வருவாய்த் துறை தருவது. இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று அது சொல்லும். அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. அதைச் சொல்வது மாஸ்டர் பிளான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் வருவது அது. குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், விவசாயம், திறந்தவெளி என்று சர்வே எண் வாரியாக நிலத்தின் பயன்பாட்டை அதில் பிரித்து வைத்திருப்பார்கள். சென்னைக்கு இப்போது நடப்பில் இருப்பது 2008-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது மாஸ்டர் பிளான். நில வகைப்பாடு தாசில்தார் அலுவலகத்து விஷயம், நிலப் பயன்பாடு திட்டக் குழுமத்து விஷயம். புஞ்சைப் பட்டா நிலம் குடியிருப்புப் பகுதியிலும் வரலாம், ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் வரலாம். செங்குன்றம் ஏரிப் பக்கம் கையில் சுத்தமான பட்டாவோடு ஒன்றும் கட்ட முடியாமல் இருப்பவர்களைப் போய்ப் பாருங்கள்.

அடுத்த வாக்கியம், "ரிஜிஸ்டர் ஆபீஸிலேயே பதிவு பண்ணிட்டாங்களே." ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கடுத்த மாதமே அந்தத் தடையைச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து மக்களுக்கு ஒரு நம்பிக்கை, பதிவானால் சரியான நிலம் என்று. அப்படி இல்லை. முன்பே மனையாகப் பதிவானது மறுபடி பதிவாக அந்தச் சட்டத்திலேயே இடம் உண்டு. இந்தத் தம்பதிக்கு நடந்தது இன்னொரு வகை. பெரிய புஞ்சை நிலத்தில் ஒரு துண்டை நிலம் என்றே எழுதிப் பதிவு செய்திருக்கிறார்கள், மனை என்ற சொல்லே பத்திரத்தில் இல்லை. சார்பதிவாளர் மாஸ்டர் பிளானைத் திறந்து பார்ப்பதில்லை, அது அவர் வேலையும் இல்லை. ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017 வரன்முறைத் திட்டமும் இவர்களுக்கு உதவாது, 20.10.2016 வரை விற்பனையான மனைகளுக்குத்தான் அது.

பஞ்சாயத்து அப்ரூவல் என்று இன்னும் விற்கிறார்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாக இல்லை. சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) தொழில்நுட்ப ஒப்புதல் வந்த பிறகே உள்ளாட்சி இறுதி அனுமதி தர முடியும். ஸ்கெட்ச்சில் தலைவர் சீல் குத்திய காகிதத்தோடு என்னிடம் வராதீர்கள். அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

புரோக்கர்கள் இப்போது சொல்லும் புதுப் பேச்சு, "மூணாவது மாஸ்டர் பிளான் வருது, எல்லாம் ரெசிடென்ஷியல் ஆயிடும்" என்பது. உங்கள் சர்வே எண் எந்தப் பகுதியில் வரும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்டி, செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, குழுமத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், மறுத்தும் விடலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி இருந்தால் எனக்கு அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். 2015 டிசம்பரில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு போனதைப் பார்த்தவன் நான்.

அப்புறம் பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். பிரசுரத்தில் பச்சையாக அச்சடித்த பூங்கா சில வருடம் கழித்து மனை எண் போட்டு விற்பனைக்கு வரும். அதனால் ஒப்புதல் எண்ணை மட்டும் கேட்டு நிற்காதீர்கள். அந்த எண்ணுள்ள ஒப்புதல் வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் மனை எண்ணும் அளவும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சாலைக்கும் பூங்காவுக்குமான தானப்பத்திரத்தைக் கேளுங்கள். ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணை அதன் தளத்தில் போட்டுப் பாருங்கள். "அப்ரூவலுக்குக் கொடுத்திருக்கிறோம்" என்பது அப்ரூவல் அல்ல, எழுந்து வந்துவிடுங்கள். சென்னைக்கு வெளியே என்றால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள். மாஸ்டர் பிளான் இல்லாத ஊரில் நஞ்சையை வீட்டு மனையாக்க ஆட்சியரின் ஒப்புதலும் வேண்டும்.

அந்த அம்மா கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. நகையை விற்றுப் போட்ட பணமாம். பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் தயார் செய்கிறேன், ஆனால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த சர்வே எண்ணை யாரிடமாவது காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை, உங்கள் ஊரில் பதிவு பெற்ற பொறியாளர் யாராக இருந்தாலும் பார்த்துச் சொல்வார். என்னிடம் வந்தால் இதற்கு நான் காசு வாங்குவதில்லை. மாவட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள், டோக்கன் பணம் கொடுப்பதற்கு முன்னால்.