அசால்ட்: அடியா, பாய்ச்சலா?

பேச்சுத் தமிழில் ‘அசால்ட்டா முடிச்சுட்டான்’ என்றால் அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிட்டான் என்று பொருள். ‘அசால்ட்டா இருக்காதே’ என்றால் மெத்தனமாக இருக்காதே. ஆங்கிலத்திலோ அசால்ட் என்பது வன்மையான தாக்குதல். அடிதடிக்கான சொல் நம் வாயில் அலட்சியத்துக்கான சொல்லாகிவிட்டது. எதிராளியைப் பொருட்டாகவே மதிக்காமல் இறங்கி அடிப்பவனின் தோரணையிலிருந்து இந்தப் பொருள் வந்திருக்கலாம். என் ஊகம்தான்.

சரி, ஆங்கிலச் சொல்லின் வேருக்குப் போவோம். லத்தீனில் ‘சலீரே’ என்றால் குதித்தல். ‘நோக்கி’ என்ற பொருள் தரும் ‘அத்’ என்னும் முன்னொட்டு அதோடு சேர்ந்தால் ஒருவர் மேல் பாய்தல். இது பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோது நடுவில் லகர ஒலி இல்லை. இன்றைய பிரெஞ்சிலும் இல்லை. பின்னாளில் லத்தீன் மூலத்தைப் பார்த்து ஆங்கிலத்தார் அதை மீண்டும் செருகிக்கொண்டார்கள். அவமதிப்பைக் குறிக்கும் ‘இன்சல்ட்’, குட்டிக்கரணத்தைக் குறிக்கும் ‘சாமர்சால்ட்’ இரண்டும் இதே குதித்தலில் பிறந்தவை. ‘ரிசல்ட்’ கூட அப்படித்தான். அதன் மூலப்பொருள் திரும்பத் துள்ளி வருவது.

ஆக, வேரில் அடி கிடையாது, பாய்ச்சல்தான் இருக்கிறது. இதைச் சட்டம் இன்றும் மறக்கவில்லை. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் உடனே அடி விழப்போகிறது என்று ஒருவரை அஞ்சவைப்பதே அசால்ட். உடம்பில் கை படுவது ‘பேட்டரி’ என்ற தனிக் குற்றம். (கடிகாரத்தில் போடும் பேட்டரியும் அதே சொல்தான். பீரங்கி வரிசைக்கு வழங்கிய அந்தப் பெயரை, மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்ணாடிச் சாதனங்களின் வரிசைக்கு வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.) 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 351ஆம் பிரிவில் அசால்ட்டுக்குத் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று: மூர்க்கமான நாயின் வாய்க்கட்டை ஒருவன் அவிழ்க்கத் தொடங்குகிறான். நாய் இன்னும் பாயவில்லை, ஆனால் எதிரே நிற்பவர் பதறிவிட்டார். அவரைப் பதறவைக்கவே கட்டில் கை வைத்தான் என்றால் குற்றம் முடிந்துவிட்டது. வெறும் வாய்ச்சொல் மட்டும் அசால்ட் ஆகாது. ஆனால் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ‘உன்னை அடிப்பேன்’ என்றால், அந்தக் கம்புக்கு அர்த்தம் கொடுப்பது அந்தச் சொல்தான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 130ஆம் பிரிவு.

இங்கேதான் மொழிபெயர்ப்பு சறுக்குகிறது. அசால்ட் என்றதும் எல்லோரும் தாக்குதல் என்று எழுதிவிடுகிறோம். செய்திக்கு அது போதும். ஆனால் தாக்கு என்ற சொல்லுக்குள் மோதல் இருக்கிறது. புயல் தாக்கியது, நோய் தாக்கியது என்றால் பட்டுவிட்டது, பாதித்துவிட்டது. தாக்கம், தாக்குப்பிடித்தல் எல்லாம் அந்த வழி வந்தவையே. கை ஓங்கியதோடு நின்றவனைத் ‘தாக்கினான்’ என்று எழுதினால், செய்யாததைச் செய்ததாகச் சொன்னதாகிவிடும். சட்டப் பொருளுக்குத் தாக்க முனைதல் என்பதே சரி.

வள்ளுவர் இந்தக் கணத்தைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்பது 486ஆம் குறள். தகர் என்றால் ஆட்டுக்கடா. அது பின்வாங்குவது பயத்தால் அல்ல, பாய்ந்து முட்டுவதற்காக. அந்தப் பின்வாங்கல் முனைதல், முட்டினால்தான் தாக்கல்.

வேர்ப்பொருளை அப்படியே தரும் சொல்லும் நம்மிடம் இருக்கிறது: பாய்ச்சல். ‘ஏன் என் மேல் பாய்கிறாய்?’ என்கிறோமே, லத்தீன்காரர் கண்ட அதே படம். ஆனால் அது கோபப் பேச்சுக்கும் பொருந்துவதால் வழக்கு மன்றத்துக்கு ஆகாது. பாலியல் குற்றங்களில் இன்னொரு கவனம் வேண்டும். வன்கொடுமை என்ற சொல் செய்திகளில் வன்புணர்வுக்கும் வழங்குகிறது. பாலியல் அசால்ட்டை வன்புணர்விலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் பாலியல் தாக்குதல் என்று எழுதுவதே தெளிவு.

போர்க்களத்து அசால்ட், அரணைப் பிடிக்கப் பாய்வது. தொல்காப்பியம் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றுவதை உழிஞைத் திணையில் வைக்கிறது. முற்றுகைக்குப் பின் வரும் கடைசிப் பாய்ச்சல்தான் அசால்ட் என்பதால், முற்றுகை என்று அதை மொழிபெயர்ப்பது தவறு. அப்புறம் ‘அசால்ட் ரைபிள்’. 1944இல் ஜெர்மானியர் ஒரு துப்பாக்கிக்கு வைத்த பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. அந்த ஜெர்மன் சொல்லில் வரும் ‘ஷ்டூர்ம்’ புயலையும் குறிக்கும், பாய்ந்து தாக்குவதையும் குறிக்கும். ஆங்கிலம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. தமிழிலும் தாக்குதல் துப்பாக்கி என்றே எழுதலாம். சுடுவதற்கென்றே செய்த பொருளுக்கு ‘முனைதல்’ எதற்கு?