பறவைக்கூட்டுப் பெரணி

பெயரில் பறவை இருக்கிறது, கூடு இருக்கிறது. ஆனால் இந்தக் கூட்டை எந்தப் பறவையும் கட்டவில்லை. மழைக்காட்டு மரத்தின் கவையில், நீண்ட இலைகளை வட்டமாக விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரணி, அதாவது ஃபெர்ன், இது. அண்ணாந்து பார்த்தால் பெரிய பறவை ஏதோ கட்டிவிட்டுப் போன கூடு மாதிரிதான் தெரியும். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு அஸ்பிளீனியம் நைடஸ் என்று பெயர் வைத்தார்.

நைடஸ் என்றால் லத்தீனில் கூடு. பழைய லத்தீன் உச்சரிப்பு நீடுஸ். சமஸ்கிருதத்தில் கூட்டைக் குறிக்கும் ‘நீட’ இதன் உடன்பிறப்பு. ஆங்கில நெஸ்ட்டும் அதே குடும்பம்தான். மூன்றுக்கும் வேரில் இருக்கும் பொருள் ‘கீழே உட்கார்தல்’. மரத்தில் இந்தச் செடி உட்கார்ந்திருக்கும் இருப்பைப் பார்த்தால், பெயர் வேர்ப்பொருள் வரைக்கும் பொருந்துகிறது.

முதல் பாதியான அஸ்பிளீனியத்தின் கதை வேடிக்கையானது. கிரேக்கத்தில் ஸ்ப்ளென் என்றால் மண்ணீரல், முன்னால் வரும் ‘அ’ இன்மையைக் காட்டுவது. கிரீட் தீவில் ஓர் ஆற்றின் ஒரு கரையில் மேயும் மாடுகளுக்கு மட்டும் மண்ணீரல் புலப்படுவதில்லை, அங்கே வளரும் ஒரு பூண்டுதான் காரணம், அதனால் மக்கள் அதை அஸ்ப்ளெனோன் என்கிறார்கள் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இந்தப் பேரினத்துக்கு மண்ணீரல் பூண்டு என்று பொருள்படும் பெயர் இன்றும் வழக்கில் உண்டு. தமிழில் அதைச் சுமந்து வர வேண்டியதில்லை. இந்தச் செடிக்கும் மண்ணீரலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, பெரணி? ஃபெர்ன் என்பதற்குப் பள்ளிப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல் அது. பன்னம் என்றும் எழுதுகிறார்கள். பன்னம் என்பது வடமொழிப் பர்ணம், அதாவது இலை. பன்னசாலை என்ற பழைய சொல்லில் இருப்பது இதே பன்னம்தான். அந்தப் பர்ணத்துக்கு இறகு என்ற பொருளும் உண்டு. ஃபெர்ன் என்ற சொல்லும் அதே மூலத்திலிருந்து கிளைத்ததுதான். கிரேக்கர்கள் பெரணியை ப்டெரிஸ் என்றார்கள். அதுவும் இறகைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது. பெரணி என்றதும் இத்தனை மொழிகளுக்கும் இறகு ஞாபகம் வந்திருக்கிறது. நம் செடியோ அதற்கு விதிவிலக்கு. இதன் இலை இறகு போலப் பிளவுபடுவதே இல்லை. ஒடுக்கி நீட்டிய வாழையிலை மாதிரி, பிசிறில்லாமல் ஒரே வீச்சில் ஒன்றரை மீட்டர் வரைகூடப் போகும். இலை இப்படி இருந்தால் பெரணி என்று எப்படி நம்புவது? இளம் இலை சுருண்டு பிறந்து மெல்ல அவிழ்வதைப் பார்க்கலாம். அல்லது முதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்க்கலாம். நடுநரம்பிலிருந்து சாய்வாக, நெருக்கமாக ஓடும் பழுப்புக் கோடுகள், பெரணிகள் விதைக்குப் பதிலாகப் பரப்பும் நுண்துகள்களான ஸ்போர்கள் உருவாகும் இடங்கள்.

கூடு என்ற சொல் வெறும் வடிவ ஒற்றுமையோடு நின்றுவிடவில்லை. மேலிருந்து உதிரும் சருகுகள் இந்த இலைவட்டத்துக்குள் விழுந்து, தரைக்குப் போகாமல் அங்கேயே மட்குகின்றன. பெரணியின் வேர்கள் அந்த மட்குக்குள் பின்னிப் பஞ்சு போலாகி மழைநீரைப் பிடித்து வைக்கின்றன. பழைய இலைகள் காய்ந்து கீழே பாவாடை போலத் தொங்குகின்றன. இப்படி வருடக்கணக்கில் சேர்ந்து, பெரிய பெரணி ஒன்று ஈரத்தோடு 200 கிலோ வரை எடை ஏறுகிறது. பல மாடி உயரத்தில் ஒரு துண்டு மண்! எறும்பும் கறையானும் மரவட்டையும் அதில் குடியேறுகின்றன. போர்னியோவின் டானும் பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. ஒரு பெரிய பெரணிக்குள் இருக்கும் சிற்றுயிர்களின் மொத்த எடை, அந்த மரத்தின் விதானத்தில், அதாவது மேலே விரிந்த கிளை இலைப் பரப்பில், மீதி இடம் முழுவதும் இருக்கும் சிற்றுயிர்களின் எடைக்கு ஏறக்குறைய சமம் என்று அதில் தெரிந்தது. அதுவரை போட்ட கணக்கை இரட்டிப்பாக்க வேண்டியதாயிற்று. பிலிப்பைன்ஸ் காடுகளில் வெயில் ஏறும் நேரத்தில் விதானத்துத் தவளைகள் இதற்குள் ஒதுங்குகின்றன. காட்டை அழித்துப் போட்ட எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில்கூட, பனைத்தண்டில் ஒட்டியிருக்கும் இலைக்காம்புகளுக்கு நடுவே இது முளைத்து, காட்டு உயிர்கள் சிலவற்றுக்காவது இடம் கொடுக்கிறது.

மரத்தின்மேல் வளர்வதால் இதைப் பலர் ஒட்டுண்ணி என்கிறார்கள். அது தவறு. ஒட்டுண்ணி, பெயரே சொல்வதுபோல, ஒட்டி உண்பது. இது மரத்தின் சாற்றைத் தொடுவதில்லை. நிற்க இடம் மட்டும் கேட்கிறது. சரியான சொல் தொற்றுத் தாவரம். தொற்று என்றதும் நோய்தான் நினைவுக்கு வருகிறது என்பது உண்மை. ஆனாலும் கிளையில் தொற்றிக்கொள்வது என்ற பழைய பொருள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது? ‘பறவைக்கூடு பெரணி’ என்றால் இரண்டு சொற்கள் ஒட்டாமல் நிற்கும். வீடு வீட்டு ஆவதுபோலக் கூடு கூட்டு ஆக வேண்டும், ப் மிக வேண்டும்: பறவைக்கூட்டுப் பெரணி. நீளமாக இருக்கிறதே என்று ‘கூட்டுப் பெரணி’ எனச் சுருக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. தாவரவியலில் கூட்டிலை என்றால் பல சிற்றிலைகளாகப் பிரிந்த இலை. பிளவே இல்லாத தனியிலை கொண்ட செடிக்கு அதற்கு நேர்மாறான பொருள் வந்துவிடும். கூடைப் பெரணி என்பது எனக்குப் பிடித்திருந்தது. சருகு வாங்கும் வேலைக்குக் கூடைதான் கச்சிதமான உவமை. ஆனால் ஆங்கிலத்தில் கூடை என்ற பெயரை டிரைனேரியா என்ற வேறொரு பெரணி ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. ஆகவே பறவை இருக்கட்டும்.

இன்னொன்று. ஜாவாவின் ஹலிமுன் மலையில், ஒரே இனம் என்று நினைத்திருந்த அஸ்பிளீனியம் நைடஸில் தங்களுக்குள் இனம் கலக்காத மூன்று வகைகள் இருப்பதாக 2001இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. லின்னேயஸ் வைத்த பெயர் இவற்றில் எதற்குச் சேரும் என்பது தாவரவியலாளர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. பறவைக்கூட்டுப் பெரணி என்றால் மூன்றுமே அதில் அடங்கிவிடும்.